ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தம்

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பை அறியாத உறுப்பினர் இருக்க முடியாது. வீட்டு வேலைக்கும் சமையல் வேலைக்குமாக டில்லிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை சங்க அறையில் கூடிப் படிக்கிறார்கள். கணக்கும் அறிவியலும் கற்பிக்க நமக்கு ஆள் பஞ்சம் ஏற்பட்டதே இல்லை. ஆங்கிலம் என்றால்மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சென்ற கல்வியாண்டில் அப்படிப் பார்த்துக்கொண்டபோது, கடைசியில் எல்லோருடைய பார்வையும் என்மேல் வந்து நின்றது. வேதியியல் படிக்க வந்த நான் ஆங்கில ஆசிரியன் ஆனது இவ்வாறுதான்.

இவ்வாண்டோடு என் முதுகலைப் படிப்பு முடிகிறது. அடுத்து இவ்வகுப்பை ஏற்கப்போகும் தோழர்க்கும், வீட்டில் தம்பி தங்கையர்க்குச் சொல்லிக்கொடுக்கும் ஏனையோர்க்கும் சில குறிப்புகளை எழுதி வைத்துவிட்டுப் போக விரும்புகிறேன். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு எத்தகையது, அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதே பொருள். நான் செய்த தவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். இக்கட்டுரையில் பயனுள்ள பகுதி பெரும்பாலும் அத்தவற்றிலிருந்து கற்றதுதான்.

தேர்வின் அமைப்பு

முதலில் வினாத்தாளை அறிந்துகொள்வோம். 2025-26 ஆம் கல்வியாண்டின் பாடத்திட்டப்படி ஆங்கிலத்துக்கு மொத்தம் 100 மதிப்பெண். இதில் 20 பள்ளியிலேயே தரப்படுவது. பருவத் தேர்வு, ஆண்டு முழுதும் செய்த பணிகளின் தொகுப்பு, கேட்டலும் பேசுதலும் ஆகியவை இதில் அடங்கும். மீதி 80 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் எழுத்துத் தேர்வு. எழுதத் தொடங்குமுன் வினாத்தாளைப் படிக்க மட்டும் 15 நிமிடம் தருகிறார்கள். தேற 100க்கு 33 வேண்டும்.

எழுத்துத் தேர்வில் மூன்று பகுதிகள் உண்டு.

முதற்பகுதி, படித்துணர்தல்: 20 மதிப்பெண். 400 முதல் 450 சொற்கள் கொண்ட ஓர் உரைப்பகுதியும், 200 முதல் 250 சொற்களில் படமோ புள்ளிவிவரமோ சேர்ந்த ஒரு தகவற்பகுதியும் வரும். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். இவை பாடநூலில் இல்லாதவை.

இரண்டாம் பகுதி, இலக்கணமும் எழுதுதலும்: 20 மதிப்பெண். இலக்கணத்துக்கு 10. அலுவல்முறைக் கடிதத்துக்கு 5. வரைபடத்தையோ குறிப்புகளையோ பார்த்து எழுதும் பத்திக்கு 5.

மூன்றாம் பகுதி, இலக்கியம்: 40 மதிப்பெண். ‘ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’, ‘ஃபுட்பிரின்ட்ஸ் விதவுட் ஃபீட்’ என்னும் இரு நூல்களிலிருந்து வினாக்கள் வரும். பாடத்திலிருந்து சில வரிகளைக் கொடுத்துக் கேட்பவை 10. 40, 50 சொற்களில் எழுதும் சிறுவினாக்கள் 18. 100, 120 சொற்களில் எழுதும் நெடுவினாக்கள் இரண்டுக்கு 12.

இக்கணக்கைக் கூர்ந்து நோக்குங்கள். இலக்கியத்துக்குரிய 40 போக மற்ற 40 மதிப்பெண்ணும் மாணவர் முன்பின் காணாத பகுதிகளிலிருந்தும், அவர்களே எழுத வேண்டிய வாக்கியங்களிலிருந்தும் வருவன. இலக்கியத்திலும் மனப்பாடத்துக்கு இடம் சுருங்கிவிட்டது. 2023-24 ஆம் கல்வியாண்டு முதல் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு, கற்றதைப் புதிய இடத்தில் பயன்படுத்தச் சொல்லும் வினாக்கள் நூற்றுக்கு 50 என்று வாரியம் வகுத்தது. இதை அறியாமல் ஆயத்தம் செய்பவர், ஆற்றைக் கடக்க வேண்டியவனுக்கு மரம் ஏறப் பழக்குபவரே ஆவர். நான் அதைத்தான் செய்தேன்.

நான் செய்த தவறு

நான் தமிழ்வழியில் பயின்றவன். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் என்றால் உரைநூல். ஆசிரியர் வினாவைச் சொல்லுவார். நாங்கள் உரைநூலில் அதற்கு எதிரே உள்ள விடையைப் படித்து ஒப்பிப்போம். ‘ஒரு வாசகம் விட்டாலும் ஒரு மதிப்பெண் போயிற்று’ என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. அவ்விதியால் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். முதுகலைக்கு டில்லி வந்து முதன்முதலில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில் எடுத்தபோதுதான், பத்தாண்டுகள் படித்த ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைத் தனியே படிக்க எனக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது. ஆயினும் கற்பிக்க நின்றபோது, எனக்குக் கற்பித்த வழியே நாவில் வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் நானே சுருக்கம் எழுதினேன். அதைப் பிள்ளைகளுக்கு எழுத வைத்தேன். மறுவாரம் ஒப்பிக்கச் சொன்னேன்.

அவ்வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தாய் மூன்று வீடுகளில் வேலை செய்பவர்; உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். முதல் நாள் மகளைக் கொண்டுவந்து விட்டபோது அந்த அம்மாள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “தம்பி, இந்த இங்கிலீஷு மட்டும் வந்துட்டா இவ பாஸாயிடுவா. இல்லன்னா என்கூட வேலைக்குத்தான் வரணும்.”

அப்பெண்ணைப்போல் மனப்பாடம் செய்தவர் வேறு எவரும் இல்லை. நான் எழுதிக்கொடுத்த சுருக்கங்களைக் காற்புள்ளி பிசகாமல் ஒப்பிப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது. சனவரியில் அவள் பள்ளியில் முன்தேர்வு நடந்தது. விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். வள்ளிக்கண்ணன் கதையிலிருந்து ஒரு நெடுவினா. ஆறு மதிப்பெண்ணுக்கு இரண்டு கிடைத்திருந்தது.

வள்ளிக்கண்ணன் என்றதும் வியப்பீர்கள். ஆம், நம் வல்லிக்கண்ணன்தான். ஆங்கிலத்தில் அவர் பெயர் படும் பாட்டைக் காட்டவே பிள்ளைகள் சொல்வதுபோல எழுதினேன். 1920 இல் பிறந்து, ‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்ற நூலுக்காக 1978 இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர். அவர் தமிழில் எழுதிய கதை ஒன்று, ‘மேடம் ரைட்ஸ் தி பஸ்’ என்ற தலைப்பில் ஆங்கிலமாகி, இந்தியா முழுதும் பத்தாம் வகுப்பு மாணவர் படிக்கும் நூலில் இடம்பெற்றிருக்கிறது. எட்டு வயதுச் சிறுமி வல்லி, வாசலில் நின்று தினமும் பேருந்தைப் பார்க்கிறாள். ஏறிப்போக ஆசை. மிட்டாயும் இராட்டினமும் வேண்டாம் என்று காசு சேர்க்கிறாள். போக முப்பது பைசா, வர முப்பது பைசா. வீட்டில் தாய் உறங்கும் நேரம் பார்த்து ஏறிவிடுகிறாள். போகும் வழியில் பேருந்துக்கு முன்னே வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஓர் இளம் பசுவைக் கண்டு கண்ணீர் வரச் சிரிக்கிறாள். திரும்பும் வழியில் அதே பசு அடிபட்டுச் சாலையில் கிடக்கிறது. அதன்பிறகு அவள் வெளியே பார்க்கவில்லை.

முன்தேர்வில் கேட்டிருந்த வினா இது: ‘வீடு திரும்பிய வல்லி, புறப்பட்ட வல்லியாகவே இருந்தாளா?’ அப்பெண் என் சுருக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதியிருந்தாள். கதை முழுவதும் இருந்தது. வினாவுக்கு விடை இல்லை. திருத்திய ஆசிரியை செய்தது சரியே.

தாளை வைத்துவிட்டு அவளைத் தமிழில் கேட்டேன். “திரும்பி வரும்போது வல்லி ஏன் வெளியே பாக்கல?”

சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “போறப்ப அந்த மாடு ஓடினதப் பாத்துத்தாண்ணா அவ்ளோ சிரிச்சா. அதே மாடு செத்துக் கெடக்குது. சிரிச்சத நெனச்சா அவளுக்கே ஒரு மாதிரி இருக்கும்ல? அப்புறம் எப்படிண்ணா வெளிய பாக்க மனசு வரும்?” என்றாள்.

நான் எழுதிக்கொடுத்த பதினான்கு வரிகளிலும் இவ்வளவு நல்ல கருத்து ஒன்றுகூட இல்லை. “இதத்தான்மா கேட்டிருக்காங்க” என்றேன்.

“இத எழுதலாமாண்ணா? நீங்க எழுதிக் குடுத்ததுல இது இல்லையே?” என்றாள்.

தோழர்களே, நான் இதுவரை கேட்ட கேள்விகளில் என்னைத் தலைகுனிய வைத்தது இது ஒன்றே. விடை அவளிடம் இருந்தது. அதை எழுதக் கூடாது என்று கற்பித்தவன் நான். அன்று முதல் வகுப்பு மாறியது. பிள்ளையிடம் ஏற்கெனவே உள்ள கருத்தை, அப்பிள்ளையின் சொந்த ஆங்கில வாக்கியமாக வெளியே கொண்டுவருவதே ஆயத்தம் என்று கொண்டோம். தேர்வுக்கு ஐந்தே வாரங்கள் இருந்தன. பின்வரும் முறைகள் அவ்வைந்து வாரங்களிலும், இவ்வாண்டிலும் செய்து பார்த்தவை.

இலக்கியப் பாடம்

பாடத்தை முதலில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். தமிழில் சொல்லத் தெரியாத கதையை எவரும் ஆங்கிலத்தில் எழுத முடியாது. மூன்றாவதாக, ‘ஏன்?’ என்று கேளுங்கள். ‘என்ன நடந்தது?’ என்று கேட்பது நினைவைச் சோதிப்பது; ‘ஏன்?’ என்பதே இன்றைய வினாத்தாள் கேட்பது.

விடை கிடைத்ததும் அதை மூன்று வாக்கியங்களாக அமைக்கச் சொல்லுங்கள். முதல் வாக்கியம் வினாவுக்கு நேர்விடை. இரண்டாவது, பாடத்திலிருந்து சான்று. மூன்றாவது, அச்சான்றால் நாம் அறிவது. வல்லியைப் பற்றிய வினாவுக்கு இவ்வாறு வரும்: இல்லை, அவள் மாறிவிட்டாள், போகும்போது எந்தப் பசுவைப் பார்த்துச் சிரித்தாளோ, அதே பசு இறந்து கிடப்பதைத் திரும்பும்போது கண்டாள், வெளியுலகில் மகிழ்ச்சியோடு சாவும் இருக்கிறது என்பதை அன்று அறிந்தாள். மூன்றும் சிறு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் எழுத ஒன்பதாம் வகுப்புச் சொற்களே போதும். சிறுவினாவுக்கு இம்மூன்றோடு ஒன்றிரண்டு சேர்த்தால் 50 சொற்கள் நிறையும். நெடுவினாவுக்கு இதேபோல் இரண்டு மூன்று சான்றுகள் வேண்டும்.

இன்னொரு எடுத்துக்காட்டு. ‘எ லெட்டர் டு காட்’ என்னும் பாடத்தில் லெஞ்சோ என்னும் உழவனின் பயிரை ஆலங்கட்டி மழை அழிக்கிறது. நூறு பெசோ அனுப்பும்படி கடவுளுக்குக் கடிதம் எழுதுகிறான். அஞ்சலகத்தார் இரங்கித் தங்களுக்குள் பணம் திரட்டி எழுபது அனுப்புகிறார்கள். மீதி முப்பதை அஞ்சலகத்தார் திருடிவிட்டார்கள் என்று அவன் சினம் கொள்கிறான். ‘லெஞ்சோ நன்றிகெட்டவனா?’ என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. நன்றிகெட்டவன் என்றவரும் அல்லன் என்றவரும் அதே பாடத்திலிருந்துதான் சான்று காட்டினார்கள். இரண்டு விடைக்கும் மதிப்பெண் உண்டு என்று சொன்னபோது நம்ப மறுத்தார்கள். சான்றோடு சொன்னால் தம் கருத்துக்கும் மதிப்பு உண்டு என்பதை ஒரு பிள்ளை நம்பத் தொடங்கும் நாள், ஆயத்தத்தில் பாதி முடிந்த நாள்.

படித்துணர்தல்

பிள்ளைகள் இப்பகுதியில் தடுமாறக் காரணம் அறியாமை அன்று, அச்சம். தெரியாத சொல் ஒன்று வந்ததும் நின்றுவிடுகிறார்கள். எல்லாச் சொற்களுக்கும் பொருள் தெரிந்தால்தான் படித்ததாகும் என்று எண்ணுகிறார்கள். தமிழ் நாளிதழ் படிக்கும்போது நாம் அவ்வாறு செய்கிறோமா? தெரியாத சொல்லைத் தாண்டிச் செல்கிறோம். அடுத்த வாக்கியம் அதை விளக்கிவிடுகிறது.

இப்பழக்கத்தை ஊட்ட ஒரு பயிற்சி உண்டு. ‘அச்சிறுவன் ஆற்றில் இறங்க ரெலக்டன்ட் ஆக இருந்தான், ஒரு மணி நேரம் கரையிலேயே நின்றான்’ என்று சொல்லிப் பாருங்கள். ரெலக்டன்ட் என்ற சொல்லை முன்பு கேட்டிராத பிள்ளையும் ‘தயங்கினான்’ என்று சொல்லிவிடும். வினாத்தாளில் சொற்பொருள் கேட்கும்போதும் அகராதியைக் கேட்கவில்லை. அந்த இடத்தில் அச்சொல் என்ன பொருள் தருகிறது என்றே கேட்கிறார்கள்.

நீண்ட வாக்கியங்களுக்கு வேறொரு வழி. தமிழில் ‘நேற்றுப் பேருந்தில் வந்த பெண்’ என்போம். அடைமொழியெல்லாம் முன்னே வர, பெயர் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் ‘பெண்’ முதலில் வந்து, ‘ஹூ’ என்ற சொல்லால் இணைந்து விவரம் பின்னே தொடரும். வினைச்சொல் நம் மொழியில் கடைசியில் இருக்கும்; அங்கே நடுவில் இருக்கும். ஆதலால் நீண்ட வாக்கியம் வந்தால், ‘யார்? என்ன செய்தார்?’ என்னும் இரண்டை மட்டும் முதலில் கண்டுபிடிக்கப் பழக்குங்கள். எஞ்சியவை தாமே இடத்தில் அமரும்.

ஒவ்வொரு விடைக்கும், ‘இது எந்த வரியில் இருக்கிறது?’ என்று கேட்டு விரலை வைக்கச் சொல்லுங்கள். விரல் வைக்க இடமில்லாத விடை பெரும்பாலும் தவறான விடை.

இலக்கணம்

இலக்கணத்தில் காலங்கள், துணைவினைகள், எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபு, பெயருக்கு முன் வரும் சுட்டு முதலியன, அயற்கூற்று ஆகியவை வரும். பிறர் செய்யும் பிழை வேறு, நம் பிள்ளைகள் செய்யும் பிழை வேறு. நம்முடையவற்றுக்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. மூன்றைமட்டும் சொல்கிறேன்.

முதலாவது, இயைபு. வருகிறேன், வருகிறாய், வருகிறான் என்று தமிழ் வினை எல்லா இடத்திலும் ஆளைக் காட்டும். ஆங்கில நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் ஒலி ஏறும்: ‘ஐ கோ’, ‘யூ கோ’, ஆனால் ‘ஷி கோஸ்’. மற்ற இடங்களில் ஒன்றும் இல்லாமையால் இங்கும் விட்டுவிடுகிறார்கள். ‘அவன், அவள், அது என்றால் வால் உண்டு’ என்று எங்கள் வகுப்பில் ஒரு வழக்குச்சொல் ஏற்பட்டது.

இரண்டாவது, ‘எ’, ‘தி’ என்னும் சிறு சொற்கள். தமிழிலும் இல்லை, பிள்ளைகள் தெருவில் பேசும் இந்தியிலும் இல்லை என்பதால் இது மிகக் கடினம் என்பர். ஆனால் தமிழில் ஒரு சாயல் உண்டு. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நமக்கு முன்பே தெரிந்த புத்தகம். இந்த ‘ஐ’ உருபு வரும் இடத்தில் பெரும்பாலும் ‘தி’ வரும் என்று சொன்னபோது பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. இது முழு விதி அன்று. ஆனால் கைப்பிடிக்க ஒரு கோல்.

மூன்றாவது, அயற்கூற்று. தங்கை, ‘நான் நாளை வருகிறேன்’ என்றாள். இதை ‘நான் நாளை வருகிறேன் என்று சொன்னாள்’ என்று அப்படியே நாம் சொல்லலாம். ‘என்று’ என்னும் ஒரு சொல் எல்லாச் சுமையையும் தாங்கிக்கொள்கிறது. இந்தியில் ‘கி’ என்பதும் அவ்வாறே. ஆங்கிலம் இதற்கு இணங்காது. ‘ஷி செட் தட் ஷி வுட் கம் தி நெக்ஸ்ட் டே’ என்று ‘நான்’ அவளாகி, வினையின் காலம் பின்சென்று, ‘நாளை’ மறுநாளாக வேண்டும். ‘பேசியது யார்? யாரிடம்? எப்போது?’ என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு எழுதச் சொன்னால் பிழை குறையும்.

எழுதுதல்

கடிதத்தில் வடிவத்துக்கும் மதிப்பெண் உண்டு, பொருளுக்கும் உண்டு. அனுப்புநர், நாள், பெறுநர், பொருள், விளிச்சொல், முடிவு என்னும் இவை ஒருமுறை கற்றால் என்றும் மறவாதவை. உடலில் மூன்று பத்திகள் போதும்: ஏன் எழுதுகிறேன், நிலைமை என்ன, என்ன செய்யக் கேட்கிறேன். கற்பனைப் பொருளைத் தராமல், அவர்கள் உண்மையிலேயே முறையிட விரும்பும் பொருளைத் தாருங்கள். தம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வாரம் இருமுறைதான் வருகிறது என்று ஒரு சிறுவன் எழுதிய கடிதம், எங்கள் வகுப்பில் எழுதப்பட்டவற்றுள் தலைசிறந்தது. எழுத அவனிடம் செய்தி இருந்தது என்பதே காரணம்.

வரைபடத்தைப் பார்த்து எழுதும் பத்தி, அறிவியல் மாணவர்களாகிய நமக்கு எளிதாகக் கற்பிக்கத்தக்கது. ஒரு பள்ளிக்கு நூற்றுக்கு 45 பேர் நடந்தும், 30 பேர் பேருந்திலும், 15 பேர் மிதிவண்டியிலும், 10 பேர் மெட்ரோவிலும் வருவதாக ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். படம் எதைப் பற்றியது என்பது முதல் வாக்கியம். மிகுதி எது, குறைவு எது என்பது இரண்டாவது. ஒன்றையொன்று ஒப்பிடுவது மூன்றாவது: நடந்து வருபவர், மிதிவண்டியில் வருபவரைப்போல் மூன்று மடங்கு. மொத்தத்தில் அறிவது என்ன என்பது கடைசி வாக்கியம். படத்தில் இல்லாததைச் சொல்லக் கூடாது. மெட்ரோக் கட்டணம் அதிகம் என்று படம் சொல்லவில்லையானால் நாமும் சொல்லலாகாது. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்ற ஒழுக்கம் இதுவே அன்றோ!

பிழைக் குறிப்பேடு

ஆய்வுக்கூடத்தில் இரண்டு வகைப் பிழைகளைப் பேசுகிறோம். ஒழுங்கற்ற பிழை ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை அப்பக்கமும் நேர்வது. முறையான பிழை, கருவியிலேயே குறை இருப்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் நேர்வது. பின்னதை எத்தனை முறை அளந்தாலும் நீக்க முடியாது. காரணத்தைக் கண்டு திருத்த வேண்டும்.

மாணவர் பிழைகளும் அவ்வாறே. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு போட்டு, வாரந்தோறும் செய்யும் பிழைகளை வகை பிரித்து எழுதச் செய்தேன். அப்பெண் ஒரே வாரத்தில் செய்த 23 பிழைகளில் 14 பிழைகள் மேற்சொன்ன ‘வால்’ விட்ட பிழைகள்! முழு இலக்கணத்தையும் திரும்ப நடத்தாமல் அந்த ஒன்றைமட்டும் இரண்டு வாரம் பார்த்தோம். பாதிப் பிழைகள் மறைந்தன.

இதில் என் குறையையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டு எழுதிய ஏழு பேரில் ஒருவன் ஆங்கிலத்தில் தேறவில்லை. பிந்தி வந்து சேர்ந்தவன் என்று அவனுக்குமட்டும் குறிப்பேடு போடாமல் விட்டிருந்தேன். ஜூலையில் துணைத் தேர்வு எழுதித் தேறினான் என்றாலும், அந்த இரண்டு மாதம் அவன் வீட்டார் பட்ட கவலைக்கு நானும் பொறுப்பு. 2026 முதல் தேர்வு ஆண்டுக்கு இருமுறை என்று வாரியம் வகுத்துள்ளது. பிப்ரவரி, மார்ச்சில் நடப்பதை எல்லோரும் எழுத வேண்டும். மே மாதத்தில் நடப்பதில், மொழிகள், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுள் மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். இது நல்ல வாய்ப்பு. ஆனால் அதை நம்பி முதல் தேர்வில் அசட்டையாக இருக்க விடாதீர்கள்.

காலக் கணக்கு

180 நிமிடத்தில் 80 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டேகால் நிமிடம். முதல் இரு பகுதிகளுக்கும் தலைக்கு 40 நிமிடம், இலக்கியத்துக்கு 85 நிமிடம் என்று கொண்டால், திரும்பிப் பார்க்க 15 நிமிடம் மீறும். இதைச் சொல்லி விட்டுவிடாமல், தேர்வுக்கு முன் மூன்று முறையேனும் கடிகாரம் வைத்து முழுத்தாளும் எழுதச் செய்யுங்கள். வாரியமே ஆண்டுதோறும் மாதிரி வினாத்தாளையும், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்னும் விதியையும் இலவசமாக வெளியிடுகிறது. கடையில் விற்கும் தடித்த நூல்களைவிட அது மேலானது. அவ்விதியைக் கையில் கொடுத்து, ஒருவர் தாளை மற்றவர் திருத்தச் சொல்லுங்கள். திருத்துபவரும் கற்றுக்கொள்வர்.

முடிவுரை

அப்பெண்ணின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். 2025 மே மாதத்தில் முடிவு வந்தது. ஆங்கிலத்தில் 61. நம்மில் பலருக்கு இது பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் இன்று அவள் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் படிக்கிறாள். தாயுடன் வேலைக்குப் போகவில்லை. தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று அவளை நான் கேட்டது, “எல்லாம் எழுதிட்டியாம்மா?” என்பதுதான். அவள் சொன்னது: “ஒரு கேள்வி நாம படிக்கவே இல்லண்ணா. நானா நாலு வரி எழுதிட்டு வந்தேன்.”

அந்த நான்கு வரிக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. அதை அவள் சொன்ன குரலில் அச்சம் இல்லை என்பதுமட்டும் தெரியும்.

வகுப்பை ஏற்கப்போகும் தோழரே, சங்க அலமாரியின் கீழ்த்தட்டில் ஏழு பழைய பிழைக் குறிப்பேடுகளும், மாதிரி வினாத்தாள்களும், இரண்டு பாடநூல்களும் வைத்திருக்கிறேன். நான் எழுதிய சுருக்கங்களை அங்கே தேட வேண்டாம். அவற்றைக் கிழித்துவிட்டேன்.